லினக்ஸில் எந்த ஹெக்ஸ் எடிட்டர்? நாலு சோதனைக் கோப்புகளோடு ஒரு வழிகாட்டி

ஒரு விண்ணப்பத்தின் பிடிஎஃப்பை இறக்கி, அச்செடுக்க ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனேன். என் லேப்டாப்பில் ஒழுங்காகத் திறந்த கோப்பு, கடைக் கணினியில் திறக்க மறுத்தது. வீட்டுக்கு வந்து ஹெக்ஸ் எடிட்டரில், அதாவது கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் எண்ணாகக் காட்டித் திருத்தவும் விடும் மென்பொருளில், திறந்தால் முதல் வரியிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. பிடிஎஃப் கோப்பு 25 50 44 46 என்ற நாலு பைட்டில் தொடங்க வேண்டும். இதில் அதற்கு முன்னால் 0டி 0ஏ 0டி 0ஏ என்று இன்னொரு நாலு பைட் உட்கார்ந்திருந்தது. அதாவது இரண்டு வெற்று வரிகள். கோப்பை அனுப்பிய சர்வர் நிரல், அனுப்பும் முன் இரண்டு முறை என்டர் தட்டியிருக்கிறது. சில ரீடர்கள் இதைப் பொறுத்துக்கொள்ளும், சில கறாராக இருக்கும்.

நாலு பைட்டை நீக்கினால் போதும். ஆனால் முதல் முயற்சியில் சொதப்பினேன். எடிட்டர் மேலெழுதும் முறையில், அதாவது ஓவர்ரைட்டில் இருந்தது. அழிப்பதாக நினைத்துக்கொண்டு நாலு இடத்திலும் 00 என்று தட்டிச் சேமித்துவிட்டேன். 00 என்பதும் ஒரு பைட்தானே? கோப்பின் நீளம் குறையவே இல்லை. பிடிஎஃப்புக்குள் எந்தப் பகுதி எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்று ஓர் அட்டவணை இருக்கும். முன்னால் 4 பைட் கூடினால் அந்தக் கணக்கு முழுக்க 4 தள்ளிப்போகும். பைட்டை உண்மையாகவே எடுத்தால்தான் கணக்கு சரியாகும்.

எந்த ஹெக்ஸ் எடிட்டர் நல்லது என்று யாராவது கேட்டால், எதைத் திறக்கப் போகிறீர்கள், எழுதப் போகிறீர்களா வெறுமனே பார்க்கப் போகிறீர்களா என்று திருப்பிக் கேட்பது இதனால்தான். பார்க்க மட்டும் என்றால் எது இருந்தாலும் சரி. எழுத வேண்டுமென்றால் எடிட்டரை முதலில் நாலு தட்டுத் தட்டிப் பார்க்க வேண்டும்.

ஒரு சின்னக் குறிப்பு. ஹெக்ஸில், அதாவது பதினாறின் அடிமானத்தில் எழுதும் எண் முறையில், 10 முதல் 15 வரையிலான மதிப்புகளுக்கு ஆங்கிலத்தின் முதல் ஆறு எழுத்துகள் வரும். இங்கே அவற்றை ஏ, பி, சி, டி, ஈ, எஃப் என்றே எழுதுகிறேன். திரையில் அவை ஆங்கில எழுத்தாகத் தெரியும்.

முதல் படி: உங்கள் வேலை எந்த வகை?

என் அனுபவத்தில் நாலு வகைதான். ஒன்று, கோப்பு உண்மையில் என்ன என்று எட்டிப் பார்ப்பது. பெயரில் ஜேபெக் என்று இருக்கும், உள்ளே வேறு ஏதோ இருக்கும். இரண்டு, தெரிந்த இடத்தில் ஒன்றிரண்டு பைட்டை மாற்றுவது. மூன்று, ஒரு கோப்பு வடிவத்தின் உள்கட்டமைப்பைப் பிரித்து ஆராய்வது: இந்த 2 பைட் அகலம், அடுத்த 4 பைட் நீளம் என்று. நாலு, டிஸ்க் இமேஜ், பென் டிரைவ் போன்ற பிரம்மாண்டமான சமாச்சாரங்கள்.

முதல் இரண்டுக்கு எளிய எடிட்டர் போதும். மூன்றாவதுக்கு டெம்ப்ளேட் வசதி, அதாவது எந்த பைட் எதைக் குறிக்கிறது என்று வரையறுத்துக்கொள்ளும் வசதி வேண்டும். நான்காவதுக்கு, முழுக் கோப்பையும் மெமரியில் ஏற்றாமல் தேவையான துண்டை மட்டும் படிக்கிற எடிட்டர் வேண்டும். இந்த மூன்றையும் ஒரே மென்பொருள் செய்யுமா? கிட்டத்தட்டச் செய்யும், ஆனால் அது உங்கள் கணினியில் ஓட வேண்டும். அதைக் கீழே பார்ப்போம்.

இரண்டாம் படி: சோதனைக் கோப்புகளைத் தயார் செய்யுங்கள்

எடிட்டரை நிறுவும் முன் இதைச் செய்துவிடுங்கள். உண்மையான கோப்பில் பழகுவது வேண்டாத வேலை.

முதல் கோப்பு தமிழ். டெர்மினலில் எக்கோ கட்டளையால் அம்மா என்ற சொல்லை ஒரு கோப்பில் எழுதுங்கள். பார்வைக்கு மூன்றே எழுத்து. யூனிகோடுக்கு அது ஐந்து குறிகள்: அ, ம, புள்ளி, ம, துணைக்கால். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 15. எக்கோ கடைசியில் தானாகப் போடும் வரிமுறிவு ஒன்று. மொத்தம் 16 பைட், ஹெக்ஸ் எடிட்டரின் வழக்கமான ஒரு வரிக்குக் கச்சிதமாகப் பொருந்தும்:

ஈ0 ஏஈ 85 ஈ0 ஏஈ ஏஈ ஈ0 ஏஎஃப் 8டி ஈ0 ஏஈ ஏஈ ஈ0 ஏஈ பிஈ 0ஏ

மூன்று மூன்றாகப் பிரித்துப் படியுங்கள். ஒவ்வொரு மூன்றும் ஈ0 என்று தொடங்கும், அடுத்தது ஏஈ அல்லது ஏஎஃப். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இடம் முழுவதும் இந்த அச்சில்தான் வரும். ஒரு கோப்பில் இந்த ஈ0 ஏஈ தாளம் கண்ணில் பட்டால் அது யூனிகோடு தமிழ் என்று தைரியமாகச் சொல்லலாம். இதே அம்மாவைப் பழைய பாமினி எழுத்துருவில் தட்டியிருந்தால் வெறும் 5 பைட்தான்: 6டி 6பி 3பி 6பி 68. வலப்பக்க எழுத்துப் பத்தியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலக் கிறுக்கல் தெரியும். பழைய டிடிபி கோப்பு கையில் வந்தால் பாமினியா யூனிகோடா என்று அரை நிமிடத்தில் முடிவு செய்ய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இரண்டாவது கோப்பு ஒரு ஜிஃப் படம். கிம்ப்பில் 320 அகலம், 256 உயரத்தில் எதையாவது கிறுக்கி ஜிஃப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். தொடக்கம் 47 49 46 38 39 61 என்று இருக்கும் (பழைய வகை என்றால் 39க்குப் பதில் 37). அதற்கடுத்து அகலம், உயரம்: 40 01 00 01.

மூன்றாவது, ஒரு வெற்றுப் பூதம். ட்ரங்கேட் கட்டளையால் 8 ஜிபி அளவில் ஒரு கோப்பு. உள்ளே எதுவும் எழுதாததால் டிஸ்க்கில் உண்மையில் இடம் பிடிக்காது, ஆனால் அதன் அளவு 8 ஜிபி என்றே எல்லா நிரலும் நம்பும்.

நாலாவதாக ஒரு பிடிஎஃப்பின் நகல். எது வேண்டுமானாலும் சரி.

மூன்றாம் படி: களத்தில் இருப்பவர்கள்

ஜிஹெக்ஸ். க்னோம் டெஸ்க்டாப் குடும்பத்து எடிட்டர். உபுண்டு, டெபியன், ஃபெடோரா எல்லாவற்றின் களஞ்சியத்திலும் ghex என்ற பெயரிலேயே இருக்கிறது. திறந்தால் இடப்பக்கம் ஹெக்ஸ், வலப்பக்கம் எழுத்து, கீழே கர்சர் நிற்கும் இடத்தின் மதிப்பை 8, 16, 32, 64 பிட் எண்ணாகவும் தசம எண்ணாகவும் காட்டும் பலகை. அவ்வளவுதான். பழைய பதிப்புகள் கோப்பை முழுவதுமாக மெமரியில் ஏற்றும். 2022இல் வந்த 42ஆம் பதிப்பில் ஜிடிகே 4க்கு மாறியபோது அந்தக் குறையும் தீர்ந்தது. ஆகவே பதிப்பு எண்ணைப் பாருங்கள். 3இல் தொடங்கினால் அது பழையது, ஃப்ளாட்ஹப் என்ற செயலித் தளத்திலிருந்து புதியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒக்டேட்டா. இன்னொரு டெஸ்க்டாப்பான கேடிஈ தரப்பு. முன்பிருந்த கேஹெக்ஸ்எடிட்டின் வாரிசு. கருவிகள் ஏராளம்: மதிப்பு அட்டவணை, செக்சம், கோப்புக்குள் இருக்கும் சொற்களைப் பொறுக்கி எடுப்பது, புக்மார்க், தேர்ந்த பகுதியின் மேல் எக்ஸ்ஓஆர் போன்ற பிட் கணக்குகள், அப்புறம் எக்ஸ்எம்எல்லிலோ ஜாவாஸ்கிரிப்ட்டிலோ எழுதும் கட்டமைப்பு வரையறைகள். மெனுவிலேயே படிக்க மட்டும் என்று பூட்டும் வசதியும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஒரே பெரிய குறை, கோப்பை முழுவதுமாக மெமரியில் ஏற்றிவிடும். 50 எம்பி கோப்புக்குக் கவலையில்லை. டிஸ்க் இமேஜைக் கொடுக்காதீர்கள்.

இம்ஹெக்ஸ். 2020 வாக்கில் கிளம்பி, இப்போது ரிவர்ஸ் எஞ்ஜினியரிங் ஆட்கள் பெரும்பாலும் கைவைப்பது இதில்தான். சி மொழிச் சாயலில் தனக்கென்றே ஒரு பேட்டர்ன் மொழி வைத்திருக்கிறது. ஆறாவது இடத்தில் 16 பிட் எண் ஒன்று, பெயர் அகலம் என்று ஒரு வரி எழுதினால், அந்த இரண்டு பைட்டும் வண்ணம் பூசிக்கொண்டு, பக்கத்துப் பட்டியலில் 320 என்று வந்து நிற்கும். பிஎன்ஜி, ஜிப், ஈஎல்எஃப் என்று பிரபலமான வடிவங்களுக்கு ஏற்கெனவே எழுதிவைத்த பேட்டர்ன்களை உள்ளிருந்தே இறக்கிக்கொள்ளலாம். இரண்டு கோப்புகளை ஒப்பிடுதல், டிஸ்அசெம்பிளர், என்ட்ரோபி வரைபடம் என்று இன்னும் நிறைய. விலை என்ன? பணமில்லை, கட்டற்ற மென்பொருள். ஆனால் திரையை ஓப்பன்ஜிஎல் வழியாக வரைகிறது. கிராஃபிக்ஸ் டிரைவர் ஒழுங்காக இல்லாத பழைய கணினியிலும், சில வர்ச்சுவல் மெஷின்களிலும் திறக்கவே திறக்காது. முதல் முறை திறப்பவருக்கு விமான ஓட்டியின் இருக்கையில் உட்கார வைத்த மாதிரி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டபிள்யூஎக்ஸ்ஹெக்ஸ்எடிட்டர். பெரிய கோப்புக்கும் நேரடி டிஸ்க்குக்கும் என்றே உருவானது. பகுதிகளுக்கு வண்ணக் குறிச்சீட்டு ஒட்டலாம். பல வருடங்களாகப் புதிய பதிப்பு இல்லை, நடுவில் படுத்துவிடும் பழக்கமும் உண்டு. பார்ப்பதற்கு வைத்துக்கொள்கிறேன், எழுதக் கொடுப்பதில்லை.

இதே இடத்தை இப்போது நிரப்புவது ஆர்ஈஹெக்ஸ். பெரிய கோப்புகளைச் சுமையில்லாமல் திறக்கும், பைட் வரிசைகளுக்கு நடுவே குறிப்பு எழுதிவைக்கலாம், லுவா மொழியில் பிளக்இன் எழுதலாம். டிஸ்க் இமேஜைத் தோண்டிக்கொண்டே கண்டதையெல்லாம் அங்கங்கே எழுதிவைக்க இந்தக் குறிப்பு வசதி ரொம்ப உதவும்.

பிளெஸ் என்ற பெயரைப் பழைய கட்டுரைகளில் நிறையப் பார்ப்பீர்கள். மோனோவில் எழுதியது, ஒரு காலத்தில் நன்றாகவே இருந்தது. அதற்காக மோனோவை இழுத்துக்கொண்டு வருவது இன்று தேவையில்லை. காசு கொடுக்கத் தயார் என்றால் 010 எடிட்டருக்கு லினக்ஸ் பதிப்பு இருக்கிறது. பைனரி டெம்ப்ளேட் என்ற கருத்தைப் பரவலாக்கியதே அதுதான், 30 நாள் சோதித்தும் பார்க்கலாம். விண்டோஸிலிருந்து வருபவர்கள் ஹெச்எக்ஸ்டியைத் தேடுவார்கள். அதற்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது.

நாலாம் படி: இரண்டை நிறுவி, தட்டிப் பாருங்கள்

எல்லாவற்றையும் நிறுவ வேண்டாம். க்னோம் என்றால் ஜிஹெக்ஸ், கேடிஈ என்றால் ஒக்டேட்டா, கூடவே இம்ஹெக்ஸ். அப்புறம் சோதனைகள்.

அம்மா கோப்பைத் திறங்கள். 16 பைட்டும் ஒரே வரியில் வருகிறதா? வலப்பக்கம் பெரும்பாலும் புள்ளிகளாகவோ விநோதக் குறிகளாகவோதான் தெரியும், ஏனென்றால் அந்தப் பத்தி ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில் ஓடுவது. எடிட்டர் கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். இம்ஹெக்ஸில் தனி என்கோடிங் அட்டவணையை ஏற்றித் தமிழையே காட்டச் செய்யலாம். மற்றவற்றில் தமிழைத் தேட வேண்டுமென்றால் எழுத்தாகத் தேடாமல் ஹெக்ஸ் மதிப்பாகத் தேடுவதே நம்பகமானது.

ஜிஃப் படத்தைத் திறந்து ஆறாவது இடத்தில், அதாவது 40 மேல் கர்சரை வையுங்கள். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குகிறது என்பதை மறக்காதீர்கள். மதிப்புப் பலகையில் 16 பிட் எண் என்ன காட்டுகிறது? 320 என்றால் எடிட்டர் சின்ன முனையை முதலில் வைத்துப் படிக்கிறது, அதுதான் லிட்டில் எண்டியன். 16385 என்று காட்டினால் பெரிய முனை முதலில். ஜிஃப் லிட்டில் எண்டியன் வடிவம், பிஎன்ஜி அதற்கு நேரெதிர். ஆகவே இந்த இரண்டுக்கும் இடையே ஒரே சொடுக்கில் மாற வழி இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு பொத்தான் மெனுவுக்குள் மூன்று அடுக்குத் தள்ளி ஒளிந்திருந்தால், தினமும் எரிச்சல்தான்.

இப்போது 40 01 என்பதை 80 02 என்று மாற்றி வேறு பெயரில் சேமியுங்கள். 640 ஆகிவிட்டது. அன்டூ போட்டுத் திரும்பவும் 40 01 வருகிறதா? சேமித்த பிறகும் அன்டூ வேலை செய்கிறதா? மாற்றிய பைட் வேறு நிறத்தில் தெரிகிறதா? கடைசிக் கேள்வி அழகுக்காகக் கேட்பதில்லை. நூறு வரி தள்ளி வந்தபின் எங்கே கைவைத்தோம் என்று தெரியாமல் விழித்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

அடுத்தது பிடிஎஃப் நகல். தொடக்கத்தில் நாலு பைட்டை நுழைத்துச் சேமித்து, கோப்பின் அளவு சரியாக 4 கூடியதா என்று பாருங்கள். பிறகு அதே நாலை நீக்கி, பழைய அளவு வந்ததா என்று பாருங்கள். பல எடிட்டர்களில் இன்சர்ட் விசை இரண்டு முறைகளுக்கும் இடையே மாற்றும். இம்ஹெக்ஸில் நுழைக்கவும் நீக்கவும் மெனுவில் தனி வழி உண்டு. தற்போது எந்த முறையில் இருக்கிறோம் என்பதைத் திரையில் எங்கேயாவது பளிச்சென்று காட்டாத எடிட்டரை நான் எழுதும் வேலைக்கு எடுப்பதில்லை.

கடைசியாக 8 ஜிபி பூதம். திறந்திருக்கும் மற்ற வேலைகளைச் சேமித்துவிட்டு, சிஸ்டம் மானிட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். கோப்பு உடனே திறந்து, மெமரிக் கோடு அசையாமல் இருந்தால் எடிட்டர் துண்டு துண்டாகப் படிக்கிறது. கோடு ஏணி போல ஏறினால் உடனே மூடுங்கள். திறந்துவிட்டது என்றால் கடைசிக்குத் தாவிப் பாருங்கள். 1 ஜிபி கோப்பிலேயே 16 பைட் வரிகள் 6 கோடியே 71 லட்சத்துக்கு மேல் இருக்கும். ஸ்க்ரோல் பட்டையை ஒரு மயிரிழை நகர்த்தினாலும் லட்சக்கணக்கான வரி பறந்துவிடும். குறிப்பிட்ட ஆஃப்செட்டுக்கு, அதாவது இத்தனையாவது பைட் என்ற இடத்துக்குப் போகும் வசதி விசைப்பலகையிலேயே இருக்க வேண்டும், பதினறும எண்ணையும் சாதாரண எண்ணையும் ஏற்க வேண்டும்.

டிஸ்க்கைத் தொடும் முன்

பென் டிரைவை நேரடியாக எடிட்டரில் திறக்க ஆசை வரும். வேண்டாம். ரூட் அனுமதி வேண்டும், வேலாண்ட் திரையில் வரைகலை நிரலை ரூட்டாக ஓட்டுவதே தலைவலி, ஃப்ளாட்பேக்காக நிறுவிய எடிட்டர் தன் கூண்டைத் தாண்டி டிஸ்க்கை எட்டிப்பார்க்கவும் முடியாது. இதையெல்லாம் தாண்டிப் போனாலும், மவுண்ட் ஆகியிருக்கும் டிஸ்க்கில் ஒரு பைட்டை மாற்றுவது ஓடுகிற பேருந்தில் டயர் கழற்றுகிற கதை.

டிடி கட்டளையால் டிரைவை இமேஜ் கோப்பாக நகலெடுங்கள். எதிலிருந்து, எதற்கு என்ற இரண்டையும் மாற்றிப் போட்டால் டிரைவ் காலி என்பதால், என்டர் தட்டும் முன் ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள். டிரைவே பழுதாகி முனகிக்கொண்டிருந்தால் டிடிக்குப் பதில் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ. படிக்க முடியாத இடங்களைத் தாண்டிப்போய்விட்டுப் பிறகு திரும்பி வரும். நகலெடுத்ததும் இமேஜின் எழுதும் அனுமதியை எடுத்துவிட்டு எடிட்டரில் திறங்கள். முதல் 512 பைட்டின் கடைசி இரண்டு, 510ஆம் இடத்திலிருந்து, 55 ஏஏ என்று இருந்தால் பார்ட்டிஷன் தகவல் இருக்கும் முதல் செக்டர் குறைந்தபட்சம் கையெழுத்தோடு இருக்கிறது. வெறும் பூஜ்யமாக இருந்தால் பிரச்சினை அங்கேயே தொடங்குகிறது.

என் கணினியில் என்ன இருக்கிறது?

ஜிஹெக்ஸும் இம்ஹெக்ஸும். நாளில் பத்து முறை எட்டிப்பார்க்க ஜிஹெக்ஸ், உட்கார்ந்து தோண்ட இம்ஹெக்ஸ். இமேஜ் கோப்பு வரும்போது ஆர்ஈஹெக்ஸ். கற்றுக்கொடுக்கும்போது மட்டும் ஒக்டேட்டாவைத் திறக்கிறேன். கருவிகள் எல்லாம் ஓரத்தில் பெயரோடு நிற்பதால் மாணவர்கள் தாங்களாகவே மேய்ந்து பார்க்கிறார்கள். பழைய லேப்டாப், 4 ஜிபி மெமரி என்றால் இம்ஹெக்ஸைத் துறந்துவிட்டு ஜிஹெக்ஸோடு நிறுத்திக்கொள்வேன்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், சேமித்த பிறகு எடிட்டரின் பேச்சை அப்படியே நம்பாதீர்கள். அசல் கோப்பையும் மாற்றிய கோப்பையும் சிஎம்பி கட்டளைக்குக் கொடுத்து, எல்லா வேறுபாடுகளையும் பட்டியலிடச் சொல்லுங்கள். மேலே செய்த ஜிஃப் மாற்றத்துக்கு இரண்டே வரி வர வேண்டும்:

7 100 200
8 1 2

நாம் மாற்றியது 6ஆவது, 7ஆவது இடம், 40 என்பதை 80 ஆக்கினோம். இது என்ன 7, 8, 100, 200 என்று முதல் முறை நானும் குழம்பினேன். சிஎம்பி இடத்தை ஒன்றிலிருந்து எண்ணும், பைட் மதிப்பை எட்டின் அடிமானத்தில் காட்டும். ஹெக்ஸ் 40 எண்ம முறையில் 100, ஹெக்ஸ் 80 அதே முறையில் 200. மூன்றாவதாக ஒரு வரி வந்தால், எங்கேயோ விரல் பட்டிருக்கிறது. சேமித்ததைத் தூக்கிப்போட்டுவிட்டு நகலிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.